நடுக்கூரைத் தண்ணீர்

சின்னப்பேட்டை,
நகரி வழி.
சார்வரி வருஷம், ஆவணி மாதம்.

அன்புள்ள இந்திராணிக்குப் பக்கத்து வீட்டு ருக்மணி எழுதுவது. நைனா, அம்மா, நான் மூவரும் சுகம். தறியும் சுகம். மாமாவும் அத்தையும் நீயும் அந்த ஊர்த் தண்ணீருக்குப் பழகி நன்றாக இருக்க நாராயணவனத்துப் பெருமாள் துணை இருக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் உறையை நீட்டியபோது எனக்கு வந்ததில்லை என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். மேல்விலாசம் உன் கையெழுத்தில் இல்லை. தெலுங்கில் முத்து முத்தாக யாரோ எழுதியிருந்தார்கள். அவர்தான் படித்துப் பார்த்து, “உனுக்குத்தாம்மா. செங்கல்வராயன் பொண்ணு ருக்மணி, சின்னப்பேட்டைன்னு எய்திகீது” என்றார். பிரித்துப் பார்த்த பிறகுதான் அது அலர்மேல்மங்கையின் கை என்று தெரிந்தது. திருப்பதியில் தெலுங்கில் விலாசம் போட்டால் கடிதம் சீக்கிரம் போகும் என்று அவள் சொன்னாளாம். நீ தமிழில் போட்ட கடிதம் ஒன்றுகூட இதுவரை தொலைந்ததில்லை.

கடிதத்தில் உன்னைப் பற்றி இருந்ததைவிட அவளைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. வகுப்பில் அவள் உன் பக்கத்தில் உட்காருகிறாள். தெலுங்குப் பாடத்தை உனக்குத் தமிழில் சொல்லித் தருகிறாள். அவள் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அவள் உன்னை இந்து என்று கூப்பிடுகிறாள். சின்ன வயதிலிருந்து நான் உன்னை இந்திராணி என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். முழுப் பெயரையும் சொல்வதற்கு எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. ஏழாவதோடு நின்றுவிட்டுத் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கிறவளுக்கு, ஹைஸ்கூலில் படிக்கிறவள் வேலை மெனக்கெட்டுக் கடிதம் போடுவதே பெரிது என்று அம்மா சொல்கிறாள். மாமா வேலை பார்த்த திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனதும், அவர் ஆந்திரா பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பதிக்கு மாற்றல் வாங்கியதும் யார் தப்பும் இல்லை. ஆனால் ஒன்று நினைத்துப் பார்த்தேன். எல்லைக்கோடு நம் இருவருக்கும் நடுவில் விழவே இல்லை. நீயும் நானும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறோம். அப்படியும் நீ தூரமாகப் போய்விட்டாய்.

இங்கே ஒரு புதுச் செய்தி. மழைத் தண்ணீருக்குப் பஞ்சாயத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். போன வருஷம் கூரைத் தண்ணீரெல்லாம் தெருவில் கொட்டிச் சேறாகி, வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்களே, அதற்காக. பஞ்சாயத்துக் கன்னையாதான் தண்டோரா போட்டார். முதலில் தெலுங்கு, பிறகு தமிழ். இனி எந்தக் கூரைத் தண்ணீரும் தெருவில் விழக்கூடாது. அவரவர் அவரவர் கொல்லையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கிற தொட்டிக்கு மூடி இருக்க வேண்டும். ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் இன்னொரு வீட்டுக் கொல்லையில் விழுவதானால், கூரைக்கு உரியவர் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஐப்பசி முடிவதற்குள் அந்தக் காகிதம் வராவிட்டால் தூம்பை அடைத்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு செங்கம்மா அக்காவை உனக்குத் தெரியும். “இனிமே வானத்துக்கும் பட்டா குடுப்பீங்களாடா” என்று கேட்டார். கன்னையா டமாரத்தை இறக்கி வைத்துவிட்டு, “வானத்துக்கு இல்ல தாயி, உன் ஓட்டுக்குத்தான். உன் வூட்டுத் தண்ணி என் தலையில உய்யாம இருந்தா எனக்குப் போதும்” என்றார். தெருவே சிரித்தது. நானும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

அதற்கப்புறம் அவர் எங்கள் கொல்லைக்கு வந்தார். நம் இரண்டு வீட்டுப் பின்கூரையும் சரிந்து சேருகிற நடுப்பள்ளத்தையும், அதிலிருந்து எங்கள் கல் தொட்டிக்கு வருகிற தகரத் தூம்பையும் அண்ணாந்து பார்த்தார். “பாதித் தண்ணி நாராயணசாமி கூரையோடது. அவரு சந்தகம் வோணும், கையெழுத்து” என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நைனா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. தெருக்கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்பே வேகாது, சாயம் எங்கே பிடிக்கும். தொட்டித் தண்ணீர் இல்லாவிட்டால் நூலை நாகபூஷணத்தின் சாயப்பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். அவர் கடனுக்குச் சாயம் போட்டுக் கொடுத்து, அப்புறம் தறியையே தனக்குக் கூலித்தறியாக ஆக்கிக்கொள்கிறவர். கீழண்டைத் தெருவில் அப்படிப் போன தறிகள் எத்தனை என்று நைனா பெயர் பெயராகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “நீதான் அந்தப் பொண்ணுக்கு ஓயாம எய்திக்கினு கீறியே. ஒரு வார்த்த கேட்டு எய்தேன். மாமா இன்னா மாட்டேன்னா சொல்லப் போறாரு” என்றார்.

சட்டம் இன்னது என்று மேலே எழுதிவிட்டேன். நீ படித்தவள். வேறு ஒன்றும் நான் எழுதப் போவதில்லை.

முதல் மழைக்குக் கூரை கழுவ விட்டேன். இரண்டாவது மழையில் தொட்டி பாதி நிறைந்தது. தொட்டியிலிருந்து எடுக்கிற முதல் குடம் உங்கள் வீட்டுக்குத்தானே, அந்த வழக்கத்தை நான் விடவில்லை. பூட்டின வீடானாலும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி உங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செங்கம்மா அக்கா, “பூட்டுக்குத் தண்ணி காட்றியாடி” என்றார். 

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். அடுத்த முறை விலாசத்தை உன் கையாலேயே எழுது.

இப்படிக்கு,
உன் ருக்மணி.

*

சின்னப்பேட்டை,
புரட்டாசி மாதம்.

இந்திராணிக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைக் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். விலாசம் உன் கையெழுத்தில் இருந்தது. சந்தோஷம். உள்ளே படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

என் கடிதத்தை அலர்மேல்மங்கைக்கு வாசித்துக் காட்டினாயாமே. வானத்துப் பட்டாவைக் கேட்டு அவள் வயிறு வலிக்கச் சிரித்தாளாம். உன்னிடம் இவ்வளவு பேசுகிற ருக்மணி யாரிடமும் வாய் திறக்க மாட்டாளா என்று ஆச்சரியப்பட்டாளாம். நான் யாரிடம் வாய் திறப்பேன் என்பது அவளுக்கு எதற்கு? நான் உனக்கு எழுதுவது உனக்கு மட்டும்தான். நம் தெரு சிரிப்பு நம் தெருவோடு இருக்கட்டும். செங்கம்மா அக்காவுக்குத் தெரிந்தால் தன்னைத் திருப்பதி வரை சிரிக்க வைத்துவிட்டேன் என்று என்னைத் தெருவில் நடமாட விடமாட்டார்.

சட்டத்தைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி. ‘அங்கேயும் ரூல்ஸ் வந்துவிட்டதா, இனி நம் ஊரும் டவுன்தான்.’ அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு அடுத்த வரியே பிரம்மோற்சவம். நீயும் அவளும் கைகோத்துக்கொண்டு கருட சேவை பார்த்தது, கூட்டத்தில் உன் செருப்பு தொலைந்தது, அவள் தன்னுடைய ஒரு செருப்பைக் கழற்றி உனக்குக் கொடுத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு காலில் செருப்போடு வீடு வரை வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்ப்பது மாதிரி இருந்தது. அதனால்தான் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சுற்றின தாரெல்லாம் தளர்ந்து போய் நைனாவிடம் திட்டு வாங்கினேன்.

போன வாரம் நல்ல மழை. நடுப்பள்ளத்தில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டது. நீ இருந்தால் ஏணியைப் பிடித்துக்கொள்வாய், நான் ஏறுவேன். இப்போது யார் பிடிப்பது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நானே சாய்த்துவிட்டு ஏறினேன். மேலே போய்ச் சருகை அள்ளும்போது ஏணி நழுவி விழுந்துவிட்டது. இறங்க முடியாமல் உங்கள் கூரை ஓட்டின்மேல் நனைந்தபடி உட்கார்ந்திருந்தேன். கூப்பிட வெட்கமாக இருந்தது. கடைசியில் செங்கம்மா அக்காதான் பார்த்துவிட்டு வந்து ஏணியை நிமிர்த்தினார். “இன்னாடி இது, கோவிச்சுக்கினு மாமியார் வூட்ல குந்திகினு கீறவ மாதிரி” என்றார். இறங்கின பிறகும் கேட்டார்: “ஒரு கொரலு குடுத்தா இன்னா, முத்தா உதிர்ந்துடும்?”

தொட்டி நிரம்பி வழிகிறது. மரப்பலகையில் மூடி செய்து போட்டாகிவிட்டது. நைனா அந்தத் தண்ணீரில் அரக்குச் சிவப்புச் சாயம் போட்டார். நூலை உலர்த்தியபோது கொல்லையே சிவந்து போயிற்று. பார்க்க நீ இல்லை.

அந்தக் காகிதத்தைப் பற்றி நைனா மறுபடி கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். சட்டத்தைத்தான் எழுதிவிட்டேனே. “பதிலு?” என்றார். வரும் என்றேன். உன்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். எனக்கும்தான். ஆனால் இதை நானாகக் கேட்டு நீ வாங்கித் தருவது ஒன்று. படித்ததும் உனக்கே நெஞ்சில் உறைத்து, ‘ஐயோ, ருக்மணி வீட்டுத் தொட்டி என்ன ஆகும்’ என்று நீ மாமாவிடம் ஓடுவது வேறொன்று. ஊரில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் என்றால் நான் சொல்வதற்கு முன்னால் வந்து நிற்பாய். அங்கே போய் ஐந்தாறு மாதத்தில் அது மாறிவிடுமா?

புரட்டாசி சனிக்கிழமைக்காகத் தெருவில் எல்லோரும் மலைக்குக் கிளம்புகிறார்கள். ரத்னம்மா அத்தை உங்கள் வீட்டுக்கும் வருவதாகச் சொன்னார். அம்மா என்னையும் போகச் சொன்னாள். நான் போகவில்லை. உப்புத் தண்ணீரில் வெளுத்த பாவாடையும் நானுமாக அங்கே வந்து நிற்க, அலர்மேல்மங்கை என்னைத் தலை முதல் கால் வரை பார்க்க, எனக்கு வாய் வராது. அப்புறம் நீ எனக்கும் சேர்த்து நீயே பேச வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாக ரத்னம்மா அத்தையிடம் பித்தளைக் கூஜாவில் தொட்டித் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். மூடியைத் துணி வைத்துத் திருகியிருக்கிறேன், சிந்தாது. தீபாவளிக்குத் தலை முழுகி முடித்ததும் கடைசியாக இதை ஊற்றிக்கொள். உன் தலைமுடிக்கு நம் மழைத் தண்ணீர்தான் ஒத்துவரும் என்று உன் அம்மாவே சொல்வார். குழாய்த் தண்ணீர் எப்படி இருந்தாலும் இது ஆகாது.

பெரியவர்களுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

இப்படிக்கு,
ருக்மணி.

*

சின்னப்பேட்டை,
ஐப்பசி, தீபாவளி கழித்து.

இந்திராணிக்கு,

சுகம்.

காலிக் கூஜாவையும் உன் கடிதத்தையும் ரத்னம்மா அத்தையின் தம்பி ரங்கன் கொண்டுவந்து கொடுத்தார். அலர்மேல்மங்கைக்குக் குழாய்த் தண்ணீரில் முடி கொட்டுகிறதாம். மழைத் தண்ணீர் என்றதும் அவள் ஆசைப்பட்டாளாம். கூஜாத் தண்ணீர் ஒருத்தி தலைக்குத்தான் காணும் என்பதால் தீபாவளியன்று அவள் தலையில் நீயே ஊற்றினாயாம். முடி பட்டு மாதிரி ஆகிவிட்டதாம். உன் தோழிக்கு என் தேங்க்ஸ் சொல் என்றாளாம்.

சொல்லிவிட்டாய். வாங்கிக்கொண்டேன்.

நான் அதை அனுப்பியது உனக்கு. வடிகட்டின வேட்டியை மூன்று தண்ணீரில் அலசி, கூஜாவைப் புளி போட்டுத் துலக்கி, நடுவில் கொஞ்சம்கூடத் தூசி இல்லாத தண்ணீராகப் பார்த்து மொண்டேன். அதை நீ கொட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியிருந்தால் சிரித்திருப்பேன். உன் கையால் அவள் தலையில் ஊற்றினாய்.

உனக்கு அது ஒரு கூஜாத் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதும் தெரியும். நான் கெட்டவளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

இங்கே தீபாவளி வழக்கம்போல நடந்தது. அம்மா அதிரசம் சுட்டாள். உங்கள் வீட்டு வாசலில் கோலம் போடச் சொன்னாள். போட்டேன், சின்னதாக.

ஐப்பசி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இதையும் செய்தியாகத்தான் எழுதுகிறேன்.

நீ படிப்பில் கவனமாக இரு. எனக்கு எழுதுவதற்கு உனக்கு நேரம் இருக்காது. எனக்கும் தறி வேலை அதிகம். இனி நான் எழுத மாட்டேன்.

ருக்மணி.

*

சின்னப்பேட்டை,
கார்த்திகை பிறந்துவிட்டது.

அன்புள்ள இந்திராணிக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான் எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

ஐப்பசி கடைசியன்று கன்னையா வந்தார். அவர் கையில் கிழிந்த சாக்கும் களிமண்ணும் இருந்தது. “சந்தகம் வந்துதா?” என்றார். நைனா என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். கன்னையா ஏணியில் ஏறி நடுத்தூம்பின் வாயைச் சாக்கால் அடைத்து மேலே களிமண்ணைப் பூசிவிட்டு இறங்கினார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல், நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அன்று பிடித்த மழை மறுநாள் வரை விடவில்லை. தூம்பு அடைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே போகும். நடுப்பள்ளம் நிரம்பி ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவரோடு இறங்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் பாவு நூலை அள்ளி உயரத்தில் போட்டோம். நடுச்சுவரில் காதை வைத்துக் கேட்டேன். உங்கள் சமையலறைக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம். சொட்டுவது நின்று ஒழுகுகிற சத்தம். பூட்டின வீடு. சாவி உங்களிடம். உள்ளே போய் ஒரு பாத்திரம் வைக்கக்கூட முடியவில்லை.

நைனா மழையிலேயே போய்க் கன்னையாவைக் கூட்டிவந்தார். இரண்டு வீடும் சேர்ந்து விழுந்துவிடும், எடுத்துவிடு என்று சத்தம் போட்டார். நைனா சத்தம் போட்டு நீ கேட்டிருக்க மாட்டாய். கன்னையா, “என்ன இன்னா செய்யச் சொல்ற செங்கல்வராயா. என் கையில சட்டமா கீது, களிமண்ணுதான் கீது” என்றார். ஆனாலும் ஏறி அடைப்பைப் பிடுங்கிவிட்டார். இறங்கி வந்து தொட்டி மூடியைத் தட்டிக் காட்டி, “தண்ணி போவட்டும். ஆனா சந்தகம் வர்ற வரிக்கும் மூடியத் தொறக்கக் கூடாது. தொறந்தா என் வேல பூடும்” என்றார்.

அன்றிலிருந்து மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் தூம்பு வழியாக வந்து மூடியின்மேல் விழுந்து, நாலு பக்கமும் சிதறி, மண்ணில் ஓடி வீணாகப் போகிறது. உள்ளே இருந்த பழைய தண்ணீர் தீர்ந்துவிட்டது. நைனா கிணற்றுத் தண்ணீரில் சாயம் கரைத்து ஒரு சிட்டம் நூலை நனைத்துப் பார்த்தார். சிவப்பு திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த மாதிரி வந்தது.  வருகிற வெள்ளிக்கிழமை நூலைக் கொண்டுவரச் சொல்லி நாகபூஷணம் ஆள் அனுப்பியிருக்கிறார்.

அப்போதுதான் நைனா மாமாவைப் பற்றிப் பேசினார். எழுதவே கை கூசுகிறது. “குமாஸ்தா ஆயிட்டா கூரையுமா மறந்து பூடும். ஒரே ஓட்டுக்கடியில பொறந்து வளந்தவன். ஒரு கையெழுத்து போட்டா அவன் பேனா தேஞ்சா பூடும்? அந்தப் பொண்ணு மட்டும் இன்னா. பட்டணத்துத் தண்ணி குடிச்சா எல்லாம் அப்டித்தான்” என்றார். அம்மாவும் ஆமாம் என்றாள். செங்கம்மா அக்கா வாசலில் நின்று, “நான் அப்பவே சொல்லல, பூட்டுக்குத் தண்ணி ஊத்தாதடின்னு” என்றார்.

உன்னை நான் மனத்துக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், இந்திராணி. அது என் பாடு. இன்னொருவர் வாயால் கேட்டபோது என்னால் நிற்க முடியவில்லை. “அவங்கள ஒண்ணும் சொல்லாத நைனா. நான் கேக்கவே இல்ல” என்றேன். சட்டத்தை மட்டும் எழுதினேன், கையெழுத்து வேண்டும் என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை என்றேன்.  நைனா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “உனுக்கு வாயி எதுக்குடி கீது? துன்றதுக்கு மட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். தறி ஓடவில்லை.

அடுத்த நாள் உன் கடிதம் வந்தது. நான் அவ்வளவு கடுமையாக எழுதியும் நீ பதில் போட்டிருந்தாய். கூஜாவுக்காக மன்னிப்பு கேட்டிருந்தாய். அது இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்ததைத்தான் சொல்ல வந்தேன். என் ஆவணிக் கடிதத்தை வாசித்த அன்றே அலர்மேல்மங்கை, ‘அந்தத் தொட்டிக்கு உங்கப்பா கையெழுத்து வேண்டாமா’ என்று கேட்டாளாம். அதற்கு நீ, ‘ருக்மணிக்கு வேண்டியிருந்தால் என்னிடம் கேட்டிருப்பாள். எங்களுக்குள் என்ன வெட்கம். அவர்கள் வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள்’ என்றாயாம். அவள் போன வாரமும் கேட்டாளாம். நீ போன வாரமும் அதையே சொன்னாயாம்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த எரிச்சலை நான் மறைக்கப் போவதில்லை. நான் உனக்கென்று மனத்துக்குள் ஒரு பரீட்சை வைத்திருந்தேன். அதில் அவள் எழுதித் தேறிவிட்டாள். என் முகம்கூடத் தெரியாதவளுக்கு என் தொட்டி ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. என் முகம் தெரிந்த நீயோ நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறாய். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் எப்போதும் அப்படித்தானே.

அப்புறம் ஒன்று தோன்றியது. எங்களுக்குள் என்ன வெட்கம் என்று அவளிடம் நீ சொல்லியிருக்கிறாய். எங்களுக்குள் என்பதில் அவள் இல்லை. அந்த ஒரு வார்த்தையை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். நீ நம்பினது மாதிரி நான் வெட்கமில்லாமல் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். நடுக்கூரையில் உங்கள் பாதித் தண்ணீர் எங்கள் தொட்டியில் விழுவதற்குச் சம்மதம் என்று எழுதி மாமாவிடம் கையெழுத்து வாங்கித் தா. தெலுங்கில் இருந்தால் பஞ்சாயத்தில் உடனே எடுத்துக்கொள்வார்களாம். அதை அலர்மேல்மங்கையே எழுதட்டும், அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. நான் தேங்க்ஸ் சொன்னதாக அவளிடம் சொல். வாங்கிக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட்டால் நைனா நூலை நாகபூஷணத்திடம் கொண்டுபோக மாட்டார். கேட்டுவிட்டேன். 

உங்கள் வீட்டைத் திறந்து பார்க்கவும் வேண்டும். சமையலறைச் சுவர் ஊறிப்போயிருக்கும். யாராவது வந்து கதவைத் திறந்து வைத்தால்தான் காயும்.

காகிதம் தபாலில் வந்தாலும் செல்லும் என்று கன்னையா சொன்னார். திருப்பதியில் போட்டால் மறுநாளே நகரிக்கு வந்துவிடும் என்று தபால்காரரும் சொன்னார். இரண்டும் எனக்குத் தெரியும். தபாலில் போடாதே, இந்திராணி.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ருக்மணி.